வேலுச்சாமி நெஞ்சில் ஒளித்த மைக்

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு தம்பி பேசினான். என்னிடம் பூம் மைக் பிடித்துப் பழகியவன். இப்போது அவனே தனியாகப் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறான். "அண்ணே, புதுசா ஒரு சாஃப்ட்வேர் வந்துருக்கு. காத்து, லாரி, நாயி, ஜெனரேட்டரு எது கலந்திருந்தாலும் தனித்தனியாப் பிரிச்சுக் குடுத்துருது. ஒரே மைக்குல ரெண்டு சத்தம் விழுந்தாக்கூட ரெண்டாக்கிருது. இனி நாம எதுக்கும் பயப்பட வேண்டாம்ணே" என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான். நானும் நல்லது தம்பி என்றேன். போனை வைத்த பிறகுதான் தோன்றியது, என் வேலை என்று நான் சொல்லிக்கொண்டது முக்கால்வாசி அந்தப் பயம்தான். தூரத்து லாரிக்குப் பயந்தேன். மயிலுக்குப் பயந்தேன். வேலிக்கருவேல நெற்று காற்றில் கிலுகிலுப்பதற்குப் பயந்தேன். அப்படிப் பயந்து பயந்து கேட்டதில், கேட்கக் கிடைக்காதவை சில கேட்டன. அதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்களில் முதல் ஆள் எஸ்தர் அக்கா.

நான் இப்போது வேலையில் இல்லை. சினிமாவில் யாரையும் ஓய்வு கொடுத்து அனுப்புவதில்லை, கூப்பிடுவதை நிறுத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். எனக்கு அப்படி ஆகவில்லை. இடது காதில் ஒரு விசில் வந்து குடியேறியது. பிறகு வலதிலும். மதுரையில் டாக்டர் படம் வரைந்து காட்டினார், நேராகப் போகிற கோடு ஓரிடத்தில் மலைச்சரிவு மாதிரி விழுந்தது. மெல்லிய சத்தங்கள் முதலில் போயின. சில்வண்டு போனது. ஆட்டுக் கழுத்து மணி போனது. ஐம்பதைத் தாண்டிய வயதில், கழுத்தில் தொங்கிய ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு அருப்புக்கோட்டைக்கு வந்து சேர்ந்தேன். ஓரிடத்தில் உட்கார முடியாத உடம்பு. காலையில் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, வீரசோழனோ திருச்சுழியோ, பாதியில் இறங்கி நடப்பேன். கரிசல் வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் குனிந்து காது வைத்தால் ஒன்றும் கேட்காது. ஆனாலும் குனிவேன்.

நான் இந்த வேலை பழகிய கதை சின்னது. விசைத்தறிகள் ஓடும் தெருவில் பிறந்தேன். தறி ஓடும்போது பேசுகிறவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது, தறி நின்றால் திடுக்கிட்டு விழிப்பது, இவைதான் என் முதல் பாடங்கள். சென்னையில் படித்தேன். டப்பிங் தியேட்டரில் குளிர்ந்து கிடந்தேன். பிறகு கம்பு நுனியில் மைக்கைக் கட்டி ஆள் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் வேலை, தோள் செத்துப்போகும் வேலை. அப்படி ஒரு நாளில், "அருப்புக்கோட்டையா நீ? சேவு வச்சிருக்கியா?" என்று கேட்ட இயக்குநர்தான் எஸ்தர் அக்கா. அவரும் எங்கள் ஊர்தான். சபைக்குப் போகும் குடும்பம், அப்பா பஸ் கண்டக்டர். கதை யோசிக்கும்போது மடியில் ஒரு பொட்டலம் காராச்சேவு இருக்க வேண்டும். கடுக்குமுடுக்கென்று கடித்துக்கொண்டே யோசிப்பார். ஷூட்டிங்கில் அந்தக் கடிக்கும் சத்தத்துக்கும் நான் பயப்பட வேண்டியிருந்தது.

அவர் கதை சொல்லும் விதத்தைப் பற்றி இன்று கல்லூரிகளில் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்த அளவில் அது எளியது. நடந்ததை அவர் காட்ட மாட்டார். நடந்து முடிந்த பிறகு வந்து சேருகிற ஆளைக் காட்டுவார். முதல் படம் பஞ்சாலைப் பெண்களைப் பற்றியது. ஆலையில் ஒரு விபத்து, ஒரு பெண்ணுக்குக் கை போகிறது. விபத்து படத்தில் இல்லை. சேதி தெரியாத அம்மா, மகளுக்குச் சோற்றுத் தூக்குச்சட்டியோடு ஆலை வாசலில் வந்து நிற்பதில் படம் தொடங்கும். இரண்டாவது, கரிமூட்டம் போடுகிறவர் மகள் ஊரைவிட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்ட கதை. கல்யாணம் படத்தில் இல்லை. மூட்டம் புகையும்போது விட்டுவிட்டுப் போனால் உள்ளே தீப்பற்றி எல்லாம் சாம்பலாகிவிடும் என்று காவலுக்குக் கிடந்த அப்பன், எல்லாம் முடிந்த பிறகு கரி அப்பிய முகத்தோடு அந்தக் கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுதான் படம். முதலாவது ஓடவில்லை. இரண்டாவது விருது வாங்கியது, அதனால் மூன்றாவதற்குத் தயாரிப்பாளர் கிடைத்தார்.

"ஏன்க்கா எதையும் நடக்கும்போது காட்ட மாட்டேங்கிறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நம்ம ஊர்ல எது நடந்தாலும், முடிஞ்சப்பெறகு பஸ்ஸு ஏறி வந்துதான பாக்குறோம், மணி" என்றார், சேவை மென்றுகொண்டே.

வேலை செய்யும் முறையில் அவருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. உள்ளூர் ஆட்களை நடிக்க வைத்தால் வசனத் தாள் கொடுக்க மாட்டார். காலையில் சமையல்காரர், லைட் தூக்குகிறவர் உட்பட எல்லாரையும் உட்கார வைத்து அன்றைக்கு எடுக்கப் போவதைக் கதையாகச் சொல்வார். அவ்வளவுதான், அதை வைத்து அவர்களாகப் பேச வேண்டும். உள்ளூர் ஆட்களின் பெயரை மாற்ற மாட்டார். முனியம்மா நடித்தால் படத்திலும் முனியம்மாதான். "பேர மாத்துனா ஆளு வெறைச்சுக்கிருவாக" என்பார். "கட்" என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை, "போதும்ப்பா" என்பார். அந்தப் போதும்ப்பாவும் உடனே வராது. காட்சி முடியும், நடிகர்கள் மூச்சு விடுவார்கள், யாராவது காதைச் சொறிவார்கள், கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு வால் என்று பெயர். "வால்லதான் உசுரு இருக்கு" என்பார். போதும்ப்பா வரும்வரை யாரும் கலையக் கூடாது. அது சட்டம்.

இந்தச் சட்டங்கள் எல்லாம் ஒரே நாளில், ஒரே இடத்தில் ஒன்றுகூடி எங்கள் கழுத்தைப் பிடித்தன.

திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு ஊரில் மூன்றாவது படம். அண்ணன் தம்பி கதை. பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு பேர். அண்ணன் செத்துப்போகிறான், தம்பி வந்து சேருகிறான். அந்த வருகைதான் படத்தின் நெஞ்சு. அண்ணனாக நடிக்க அக்கா பிடித்துவந்தவர் அந்த ஊர் வேலுச்சாமி. கூலி வேலைக்குப் போன குடும்பம். இப்போது அவர் நூற்பாலையில் வாட்ச்மேன். படத்துக்காக லீவு போட்டிருந்தார். தம்பியாக நடித்தவர் சென்னையிலிருந்து வந்த நல்ல நடிகர், உழைப்பாளி. ஆனால் அந்த அழுகை வரவில்லை. முந்தின நாள் முழுக்க எடுத்தோம். கண்ணீர் வந்தது, மூக்கு சிவந்தது, குரல் உடைந்தது, எல்லாம் இருந்தது. அக்கா ஒவ்வொரு தடவையும் போதும்ப்பா என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். தயாரிப்பு மேனேஜர், இன்னும் ஒரு நாள்தான், அதற்கு மேல் யூனிட்டைத் தூக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அந்தக் காட்சி கிடைக்காவிட்டால் படம் இல்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

வேலுச்சாமியின் சம்சாரம் பேச்சியம்மாள் முதலிலேயே சொல்லிவிட்டார். "உசுரோட இருக்குற மனுசனப் படுக்க வச்சு மாரடிச்சு அழுவாளுக. அத நான் உக்காந்து பாக்கணுமாக்கும். நீங்க என்னமும் எடுத்துக்கங்க தாயி. முடிஞ்சப்பெறகு எனக்குச் சொல்லி விடுங்க." சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். சம்சாரமாக ஒரு நாடக நடிகை நடித்தார். ஒப்பாரிக்கு ஊர்ப் பெண்களே.

ஆர்ட் டைரக்டர் பிரீசர் பெட்டி கொண்டுவந்திருந்தார். இப்போது எந்த வீட்டில் சாவு என்றாலும் அந்தப் பெட்டிதானே முதலில் வருகிறது. நான் வேண்டாம் என்றேன், அதன் மோட்டார் உறுமும். அக்காவும் வேண்டாம் என்றார், அவர் காரணம் வேறு. "கண்ணாடி மேல விழுந்து அழுதா அது கண்ணாடிய அழுற மாதிரி இருக்கும் மணி." ஆகவே பெஞ்சு. வெற்றுடம்பில் ஒரு வேட்டி. நெற்றியில் காசு, தாடைக்கு வெள்ளைத்துணிக் கட்டு, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிய கட்டு. கட்டியவர் உள்ளூர்க்காரர், அந்த வேலையில் நிஜமாகவே பழக்கப்பட்டவர், அவருக்குப் பொய் முடிச்சு போடத் தெரியவில்லை. விழுந்து அழுகிறவர்கள் முணுமுணுப்பதும் எனக்கு வேண்டும். அதனால் பாக்கு அளவு மைக் ஒன்றை வேலுச்சாமியின் நெஞ்சில் மாலைக்கு அடியில் ஒட்டினேன். ஒட்டும்போது அவர், "ஏப்பா, நான் மூச்சு விடுறது கேக்குமா?" என்றார். "கேக்கும்ணே, கொஞ்சமா விடுங்க" என்றேன். "செத்தும் கணக்குப் பாத்துத்தான் மூச்சு விடணுமா" என்றார். ஒப்பாரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஒன்று மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. ஊர் முக்கில், மெயின் ரோட்டில், கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஒன்று கட்டியிருந்தோம். வேலுச்சாமி படம், வேலுச்சாமி பெயர். அக்காவின் சட்டப்படி பெயரை மாற்றவில்லை. கீழே வருந்தும் குடும்பத்தார் என்று போட வேண்டும், அசலாக இருக்க வேண்டும் என்று ஆர்ட் டைரக்டரின் ஆள் வேலுச்சாமியிடமே கேட்டிருக்கிறான். அவர் சொல்லச் சொல்ல எழுதி அடித்துவிட்டான். முதல் பெயர்: பாசமுள்ள தம்பி இருளாண்டி.

இருளாண்டி என்று ஒரு தம்பி வேலுச்சாமிக்கு நிஜமாகவே உண்டு என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. காரியாபட்டியில் குடியிருந்து மதுரை மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவர். வேலுச்சாமி மகள் கல்யாணத்துக்கு மண்டபத்து வாசலில் வைத்த ஃபிளெக்ஸில் மாமன், மச்சான், வார்டு கவுன்சிலர் வரைக்கும் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கூடப் பிறந்த தம்பி படமும் இல்லை, பெயரும் இல்லை. பேச்சியம்மாள் வழி ஆட்கள் அடிக்கக் கொடுத்தது, விட்டுப்போய்விட்டது. வாசல் வரை வந்த இருளாண்டி அண்ணாந்து பார்த்திருக்கிறார். அப்படியே திரும்பி அடுத்த பஸ் ஏறிப் போனவர்தான். அதற்குப் பிறகு முகத்தில் முழிக்கவில்லை.

அன்று காலை ரோட்டில் போன ஒரு பஸ்ஸிலிருந்து யாரோ அந்த ஃபிளெக்ஸைப் போனில் படம் பிடித்திருக்கிறார்கள். படம் சுற்றிச் சுற்றி மதுரை மார்க்கெட்டுக்குப் போய்விட்டது.

எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. சென்னை நடிகர் வந்தார், விழுந்தார், அழுதார், எழுந்து பந்தக்காலில் சாய்ந்துகொண்டார். காட்சி முடிந்தது. அக்கா போதும்ப்பா சொல்லவில்லை. வால் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள், ஆளுக்கு ஒரு வரியாக, வட்டமாகத் தோள்பிடித்து. ரோட்டில் பஸ் நின்ற சத்தம். டபுள் விசில். பஸ் போனது.

அப்புறம் என் ஹெட்ஃபோனுக்குள் ஒன்று நடந்தது. பாட்டு நின்றது. மொத்தமாக அல்ல. ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் குரல் முதலில் பாதிச் சொல்லில் அறுந்தது. பிறகு பக்கத்தவள். பிறகு அதற்கும் பக்கத்தவள். விளக்கு ஒவ்வொன்றாக அணைகிற மாதிரி, முதுகு காட்டி உட்கார்ந்திருந்த கடைசிப் பெண் மட்டும் ஒன்றும் தெரியாமல் ஒரு வரி தனியாகப் பாடி, அவளும் திரும்பிப் பார்த்து, நின்றாள். எந்த இயக்குநரும் சொல்லிக்கொடுத்து வராத நிறுத்தம் அது.

பந்தலுக்குள் ஒரு ஆள் வந்தார். மூட்டை தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சரிந்த தோள், கையில் மாலை, கக்கத்தில் பொட்டலமாகக் கோடி வேட்டி. கேமராவைப் பார்த்திருக்க வேண்டும், எங்கள் இத்தனை பேரையும் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மாலையைக்கூடப் போடவில்லை. அப்படியே அண்ணன் நெஞ்சில் விழுந்தார். பெண்கள் எழவில்லை, போதும்ப்பா வரவில்லையே. வேலுச்சாமியும் எழவில்லை.

விழுந்த வாய் என் மைக்குக்கு மேலேயே இருந்தது. என் இரண்டு காதுக்குள்ளும் இருளாண்டி பேசினார். "அண்ணே. கல்யாணத்துல போடாத பேர இதுலயாண்ணே போடச் சொன்ன. சாகப் போற நேரத்துலயா என் நெனப்பு வந்துச்சு. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த போன்ல சொல்லியிருந்தா ஓடி வந்துருப்பேனேண்ணே." அதற்குப் பிறகும் சொன்னார். அது அண்ணனுக்கு மட்டும் சொன்னது, இங்கே எழுத மாட்டேன். அந்த அழுகைக்குக் கீழே இன்னொரு சத்தம் இருந்தது. மெதுவாக ஆரம்பித்துத் தறி ஓடுகிற வேகத்துக்கு வந்த சத்தம். வேலுச்சாமியின் நெஞ்சு. கண்ணை மூடி, மூச்சை அடக்கி, கட்டை மாதிரிக் கிடந்தார். நெஞ்சு மட்டும் அடங்கவில்லை.

அக்கா காதிலும் ஒரு ஹெட்ஃபோன் உண்டு. அவருக்கும் எல்லாம் கேட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்று படமாக அவர் தேடிக்கொண்டிருந்த ஆள் வந்துவிட்டார், தாமதமாக, பஸ்ஸில். வெளிச்சம் சரியாக இருக்கிறது. கேமரா ஓடுகிறது. போதும்ப்பா சொல்லாமல் இருந்தால் போதும், படம் முடிந்தது.

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். எழுந்து நடந்து, தன் கேமராவுக்கு முன்னால் தானே வந்து, இருளாண்டிக்கும் லென்ஸுக்கும் நடுவே முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தார். "போதும்ப்பா" என்றார். குரல் என்னவோ எப்போதும் போலத்தான் இருந்தது. பிறகு இருளாண்டியின் கையைப் பிடித்து, "அண்ணே, இது சினிமாண்ணே. அவுக நல்லா இருக்காக. எந்திரிங்கண்ணே" என்றார்.

வேலுச்சாமி கண்ணைத் திறந்தார். நெற்றிக் காசு உருண்டு விழுந்தது. தாடைக் கட்டோடு, "தம்பி" என்று சொன்னது "ம்பி" என்று வந்தது.

இருளாண்டி பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணனைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், சென்னை நடிகரின் சிவந்த மூக்கைப் பார்த்தார். மெதுவாகக் கோபம் ஏறியது. "நான் வந்தது ஒனக்குத் தெரியும். என் குரல் தெரியாதா ஒனக்கு. கேட்டுக்கிட்டே கெடந்திருக்க. செத்தவன் மாதிரியே கெடந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்ட, என்ன?"

"அந்தம்மா எந்திரிக்கக் கூடாதுன்னுச்சுலே" என்றார் வேலுச்சாமி, கட்டை அவிழ்த்துக்கொண்டே.

"அந்தம்மா சொன்னா பாடையிலயும் போவியா?"

"ஏலே, நான் எந்திரிச்சா நீ பேசுறத நிறுத்திருவ."

இருளாண்டி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். வேலுச்சாமி பதறி எழுந்தார், கால் கட்டை மறந்துவிட்டார். ஒரு குதி குதித்து மண்ணில் குப்புற விழுந்தார். விழுந்த சத்தம் என் காதில் இடியாக விழுந்தது, மைக் இன்னும் நெஞ்சிலேதானே இருந்தது. ஊர் சிரிக்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து பேச்சியம்மாள் ஓடிவந்தார். "கொழுந்தனாரே, மண்ணுல கெடக்குற மனுசன விட்டுட்டா போறீக? இந்தப் பாவத்துக்கு நான் எங்க போயி அழுவேன். அந்தக் கல்யாணப் போர்டுல பேரு விட்டது எங்க வீட்டு ஆளுக. இவுக இல்ல. இவுக அன்னைக்கு ராச்சோறு திங்கல."

இருளாண்டி நின்றார். திரும்பி வந்தார். "தள்ளுங்க மதினி" என்றார். அண்ணனின் காலடியில் உட்கார்ந்து கட்டை அவிழ்க்கப் பார்த்தார். அசல் முடிச்சு, இறுகியிருந்தது. நகத்தால் முடியாமல் பல்லால் கடித்து இழுத்தார். "நாறப் பயலே. செத்தாலும் காலக் கழுவ மாட்டியா" என்றார். வேலுச்சாமி முகத்தில் ஒட்டிய மண்ணோடு தம்பியின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு அவிழ்ந்த பிறகும் இருளாண்டி அந்தக் காலை விடவில்லை.

இவ்வளவும் கண்ணுக்கு நேரே நடந்தது. இதற்குப் பிறகு நடந்ததுதான் அக்காவின் வேலை.

இருளாண்டியை நிழலில் உட்கார வைத்து, டீ கொடுத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். "நீங்க பந்தலுக்குள்ள வந்தது, விழுந்தது, அழுதது எல்லாம் கேமராவுல இருக்கு. நீங்க பேசுனது எல்லாம் இந்த மணிகிட்ட இருக்கு. ஒங்களக் கேக்காம எடுத்தது. நீங்க வேணாம்னா இப்பவே ஒங்க கண்ணு முன்னாடி அழிச்சிருவோம்."

மேனேஜர் பக்கத்தில் நெளிந்தார். "மேடம், அவசரப்படாதீங்க. அண்ணே, ஒங்க முகம் உலகம் பூரா வரும்ணே. இந்த மாதிரி அழுகைய யாருமே நடிச்சது இல்ல."

"நான் நடிக்கலையே" என்றார் இருளாண்டி. பிறகு என்னைப் பார்த்தார். "நான் பேசுனத நான் கேக்கலாமா சார்?"

ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டினேன். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். தன் அழுகையைத் தானே கேட்கிற மனிதரின் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாதியில் கையை உயர்த்தினார். "இது என்ன சார், அடியில டொக்கு டொக்குன்னு? மிஷினு கோளாறா?"

"ஒங்க அண்ணன் நெஞ்சுண்ணே."

"இம்புட்டு வேகமாவா?"

"மொதல்ல மெதுவாத்தான் இருந்துச்சு. நீங்க வந்து விழுந்தப்பெறகுதான் இந்த வேகம்."

அவர் மறுபடி போடச் சொன்னார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தன் குரலைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். "என் அழுகைய எடுத்துட்டு இந்த டொக்கு டொக்க மட்டும் வச்சுக்கிற முடியுமா?"

"முடியாதுண்ணே. ரெண்டும் ஒரே மைக்குல விழுந்துருச்சு. பிரிச்சா ரெண்டும் பாழாப் போகும்."

அன்றைக்கு அதுதான் உண்மை.

அவர் அக்காவிடம் திரும்பினார். "தாயி, நான் அழுதது செத்தவனுக்கு. அவன் உசுரோட இருக்கான், அந்தா மண்ணத் தட்டிக்கிட்டு நிக்கிறான். உசுரோட இருக்குறவனுக்கு அழுதத நாலு பேரு பாக்கக் கூடாது. அழிச்சிருங்க. ரெண்டையும் அழிச்சிருங்க."

அக்கா ஒரு நொடிகூட என் பக்கம் திரும்பவில்லை. "சரிண்ணே" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். நீங்க பந்தலுக்குள்ள காலு வைக்குறதுக்கு முந்தி இருக்குறத வச்சுக்கிடவா? அதுல நீங்க இல்ல."

"அது பொம்பளைக பாட்டு. அவுகளக் கேளுங்க."

பெண்களைக் கேட்டார். சரி என்றார்கள். அவர் கால் வைத்த இடத்துக்கு முன்னால் வரை வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இருளாண்டி பார்த்திருக்க, படத்தைக் கேமராக்காரரும் சத்தத்தை நானும் அழித்தோம். மேனேஜர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். 

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் கிளம்பும் முன் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். அது படத்தில் வராது, இருந்தாலும் எடுத்தே ஆக வேண்டும். வேலுச்சாமியை நிற்க வைத்தோம். சிரிப்பு வரவில்லை. "இவனையும் கூட நிக்கச் சொல்லுங்க" என்றார். இருளாண்டி, நான் எதுக்கு, நான் என்ன செத்தா போனேன் என்று முனகிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார். சிரிக்கவில்லை. வேலுச்சாமி அவர் கக்கத்தைப் பார்த்து, "அந்தக் கோடி வேட்டி என்ன வெலைக்குலே எடுத்த? தொட்டா பஞ்சுப்பஞ்சா வருது" என்றார். "ஒனக்கு அது போதும்" என்றார் இருளாண்டி. இரண்டு பேரும் சிரித்தது பதிவாகியிருக்கிறது.

படம் எப்படி முடிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சென்னை நடிகரின் அழுகை ஒன்றைக்கூட அக்கா வைக்கவில்லை. அவருக்கு வருத்தம்தான், பிறகு படத்தைப் பார்த்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். காட்சியில் பெண்கள் பாடுகிறார்கள். பஸ் நிற்கும் சத்தம். டபுள் விசில். பாட்டு ஒவ்வொரு குரலாக அறுகிறது. முதுகு காட்டியவள் மட்டும் தனியாக ஒரு வரி பாடி, திரும்பி, நிற்கிறாள். அத்தனை பெண்களும் கேமராவைத் தாண்டி ரோட்டைப் பார்க்கிறார்கள். வந்தவரைக் காட்டவே இல்லை. அந்தப் பார்வையிலேயே படம் முடிகிறது. இத்தனை காலம் வந்து சேருகிறவரைக் காட்டியவர், கடைசியில் அவரையும் விட்டுவிட்டார். விட்ட பிறகுதான் அவர் கதை சொல்லும் விதம் முழுசானது என்று எனக்குப் படுகிறது. இப்போது அடுத்த படத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். ஒலிப்பதிவுக்கு, போன வாரம் பேசிய அந்தத் தம்பியைத்தான் சொல்லியிருக்கிறேன். அந்த சாஃப்ட்வேரில் எதைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது என்று அக்காவிடம் கேட்டுக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு பகல் காட்சி போட்டார்கள். ஊரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். வேலுச்சாமியும் இருளாண்டியும் எனக்கு முன் வரிசையில், நடுவில் பேச்சியம்மாள். தான் செத்துக் கிடக்கிற இடம் வந்ததும் வேலுச்சாமி, "அந்தா போயிட்டேன் பாரு" என்றார். பேச்சியம்மாள் அவர் தொடையில் ஒரு அடி வைத்துவிட்டு முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு அறுந்தது. திரையில் அத்தனை பெண்களும் எங்களைப் பார்த்தார்கள். எங்களைத் தாண்டிப் பார்த்தார்கள். தியேட்டரில் பாதிப் பேர் திரும்பிக் கதவைப் பார்த்தார்கள். நானும் திரும்பினேன். யாரும் இல்லை, சாத்திய கதவு, சிவப்பு விளக்கு. அவரவருக்கு வர வேண்டிய யாரோ ஒருவருக்காக ஒரு கணம் எல்லாரும் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முன் வரிசையில் இருளாண்டி மட்டும் திரும்பவில்லை. நேராகத் திரையைப் பார்த்தபடி, மதினியைத் தாண்டி அண்ணனிடம் சாய்ந்து கேட்டார்.

"அவுக எல்லாம் என்னையத்தான பாக்குறாக?"

"பின்ன வேற யார?" என்றார் வேலுச்சாமி. "நீதான வந்த."